டிரினிடாடில் பத்து நாள்: அதிகம் நடக்க இயலாத தந்தையுடன் பறவை நோக்குவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் நானும் என் தந்தையும் டிரினிடாட் தீவில் பத்து நாள் தங்கப் போகிறோம். அவருக்கு வயது 74. பறவைகளின் பெயர்களை எனக்குச் சொல்லித் தந்தவரும், என் கையில் முதன்முதலாக ஒரு பைனாகுலரைக் கொடுத்தவரும் அவர்தான். கடந்த ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால், சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். ஏற்ற இறக்கமான காட்டுப் பாதைகளில் அவரால் நடக்க இயலாது.

நாங்கள் இருவருமே தென் அமெரிக்கப் பறவைகளை இதுவரை நேரில் கண்டதில்லை. டிரினிடாட், டொபாகோ ஆகிய இரு தீவுகளிலும் சேர்த்து 480க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன என்று படித்த ஆர்வத்தில், 120 பறவைகளைக் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு பறவைக்கும் எதிரே அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தபோது, இந்தப் பட்டியலின்படி நடந்தால் பத்து நாளில் பாதி நேரம் என் தந்தை காருக்குள் அமர்ந்து எனக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது புரிந்தது. அப்படி ஒரு பயணத்தை நான் விரும்பவில்லை.

ஆகவே, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறைவாகப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை, பிப்ரவரி மாதம் அதற்கு ஏற்றதுதானா, டொபாகோவுக்கும் இரண்டு நாள் ஒதுக்கலாமா என்பவற்றை அங்கே சென்று வந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். அந்தச் செந்நிற அரிவாள் மூக்கன்களை மட்டும் எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார் தந்தை.

மறுமொழி 1

பணியின் பொருட்டு மூன்று ஆண்டுகள் டிரினிடாடில் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தந்தையின் முழங்கால் இந்தப் பயணத்துக்கு நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தடையாக இராது. நான் கண்ட சிறந்த பறவைகளில் பெரும்பாலானவற்றை ஒரு நாற்காலியில் அமர்ந்தபடியேதான் கண்டேன்.

அதற்கான காரணம் அந்தத் தீவின் பிறப்பிலேயே இருக்கிறது. வரைபடத்தில் அது கரீபியத் தீவுகளின் வரிசையில் கடைசித் தீவாகத் தெரிந்தாலும், பறவைகளைப் பொறுத்தவரை அது தென் அமெரிக்காவிலிருந்து உடைந்த ஒரு துண்டு. வெனிசுவேலாவின் கரைக்கும் டிரினிடாடுக்கும் இடையே, மிகவும் நெருங்கிய இடத்தில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அதுவும் நிலமாகவே இருந்தது. பெருங்கடலால் நெடுங்காலம் தனித்துவிடப்பட்ட ஜமைக்காவில் வேறெங்கும் இல்லாத பறவைகள் ஏறத்தாழ முப்பது இருக்கின்றன. டிரினிடாடுக்கோ, டொபாகோவையும் சேர்த்துக்கொண்டாலும், அப்படிச் சொந்தம் கொண்டாட இரண்டு இனங்களே உள்ளன. மாறாக, டூக்கன், தீக்காக்கை, மனாக்கின், எறும்புப் பறவைகள் என்று ஒரு கண்டத்தின் பறவைக் குடும்பங்கள் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டன. காட்டையும் சதுப்பு நிலத்தையும் புல்வெளியையும் ஒரே நாளில் காரிலேயே எட்டிவிடலாம்.

பிப்ரவரி மிகப் பொருத்தமான மாதம். ஜனவரி முதல் மே வரை அங்கே வறண்ட பருவம். முன்பு கோகோ தோட்டங்களுக்கு நிழலாக நட்ட இம்மோர்ட்டெல் மரங்கள், நம் கல்யாண முருங்கையின் உறவினங்கள், இலைகளை உதிர்த்துவிட்டு மலைச்சரிவு முழுவதும் செம்மஞ்சள் நிறத்தில் பூத்து நிற்கும் காலம் அது. ஒரே ஒரு பூத்த மரத்தின் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஓசனிச்சிட்டுகளும் ஊதா நிறத் தேன்பறவைகளும் கொண்டை ஓரோபென்டோலாக்களும் தாமாகவே வந்து போகும். வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த பறவைகளும் அப்போது தீவில் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல் நாட்கள். அது பெரும்பாலும் பிப்ரவரியில் வருவதால், அந்த வாரத்தில் தங்குமிடமும் வாடகைக் காரும் கிடைப்பது அரிது.

தங்குவதற்கு வடக்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அரிமா நகரையோ அதன் சுற்றுப்புறத்தையோ தேர்ந்தெடுங்கள். அரிமா பள்ளத்தாக்கில், பழைய கோகோ, காப்பித் தோட்டம் ஒன்றில் 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆசா ரைட் இயற்கை மையம் இருக்கிறது. அதன் தாழ்வாரம் உலகெங்கிலும் உள்ள பறவை நோக்கர்கள் அறிந்த இடம். பெருந்தொற்றுக் காலத்தில் அந்த மையம் மூடப்பட்டது. அதனால் இப்போதைய நேரங்களையும் நுழைவு முறைகளையும் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். தாழ்வாரத்தின் கீழே பள்ளத்தாக்கு விரிந்து இறங்குவதால், காட்டு மரங்களின் உச்சி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும்; அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காது. தாழ்வாரத்தை ஒட்டிய புதர்களில் சீமை நாயுருவி ஊதா நிறத்தில் பூத்திருந்தால் தந்தையை அதற்கு அருகில் அமரச் சொல்லுங்கள். ஏழு சென்டிமீட்டர்கூட இல்லாத கொண்டை கோக்கெட் என்ற ஓசனிச்சிட்டு அந்தப் பூக்களை நாடி வரும். முதல் பார்வையில் அதை வண்டு என்றே நினைப்பீர்கள். ஆணுக்குச் செம்பழுப்புக் கொண்டையும், கன்னத்தின் இருபுறமும் விசிறிபோல் நீண்ட, பச்சைப் புள்ளியிட்ட இறகுகளும் உண்டு.

அங்கே காதுக்கும் வேலை உண்டு. கொல்லன் பட்டடைக் கல்லின்மீது ஓங்கி அடிப்பதுபோல் ஓர் ஓசை காட்டுக்குள்ளிருந்து கேட்டால், அது தாடி மணிப்பறவையின் ஆண். கழுத்தில் கருநிறப் புழுக்கள் தொங்குவதுபோல் சதைத்தாடி கொண்ட அந்தப் பறவை, தான் விரும்பிய ஒரே கிளையில் நாள் முழுவதும் அமர்ந்து கத்தும். குரல் பக்கத்து மரத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். தேடிச் சென்றால் நெடுந்தொலைவில் இருக்கும்.

அரிமாவிலிருந்து மலையைக் கடந்து வடகடலுக்குச் செல்லும் பிளான்ஷிசூஸ் சாலையையும் மறக்க வேண்டாம். குறுகலான, வளைவுகள் நிறைந்த சாலை. ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவருகே நின்றபடியே காட்டுப் பறவைகளைப் பார்க்கலாம். வண்டிகள் இடப்பக்கமாகவே செல்வதால் உங்களுக்கு ஓட்டுவதில் குழப்பம் இராது. விடியலிலிருந்து காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.

மறுமொழி 2

செந்நிற அரிவாள் மூக்கன்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அவற்றைப் படம் எடுப்பதற்காகவே நான் இருமுறை அங்கே சென்றேன்.

தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினுக்குச் சற்றுத் தெற்கே, மேற்குக் கரையில் இருக்கும் கரோனி அலையாத்திச் சதுப்பு நிலத்துக்கு அவை அந்தியில் அடைய வருகின்றன. மாலை நான்கு மணியளவில் படகுகள் கிளம்பும். தட்டையான, அகன்ற படகுகள்; இருக்கைகள் உண்டு; ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டால் போதும். உங்கள் தந்தைக்கு இதில் எந்தச் சிரமமும் இராது. முதல் ஒரு மணி நேரம் அலையாத்தி வேர்களுக்கு இடையே உள்ள குறுகிய கால்வாய்களில் படகு மெல்லச் செல்லும். தலைக்கு மேலே உள்ள கிளையில் மரப்பாம்பு சுருண்டு கிடப்பதைப் படகோட்டிகள் காட்டுவார்கள். நான் சென்ற ஒரு மாலையில் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவிலான குட்டி எறும்புத்தின்னி ஒன்று உருண்டை வடிவில் உறங்குவதையும் காட்டினார்கள்.

பிறகு படகு திறந்த நீர்ப்பரப்புக்கு வந்து, ஓர் அலையாத்தித் திட்டுக்கு எதிரே, தொலைவில் கட்டப்படும். கதிரவன் ஆறேகால் மணியளவில் மறைகிறது. அதற்கு முந்தைய முக்கால் மணி நேரம்தான் எல்லாம். முதலில் வெண்கொக்குகளும் நீலநாரைகளும் வரும். அதன்பின் ஐந்தாறாக, பத்திருபதாக, நீரைத் தொடுவதுபோல் தாழப் பறந்து வரும் செந்நிறக் கூட்டங்கள். அவற்றுள் ஒரு பகுதி பகலில் வெனிசுவேலாக் கரையில் இரை தேடிவிட்டுத் திரும்புவது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் காட்சியின் கனம் கூடும். அந்த நிறம் அவை உண்ணும் நண்டு, இறால் முதலியவற்றில் உள்ள கரோட்டினாய்டுகளால் வருவது. அந்த உணவு கிடைக்காமல் அடைத்து வளர்த்தால் வெளிறிப்போகும். கூட்டத்தில் பழுப்பும் சாம்பலுமாகத் தெரிபவை இளம்பறவைகள்.

படம் எடுப்பவர் என்றால் ஒரு குறிப்பு. அந்தச் சிவப்பு அளவுக்கு மீறிச் செறிவானது. கேமரா காட்டும் ஒளி அளவை அப்படியே நம்பினால் இறகுகளின் நுட்பம் முழுவதும் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகப் பதிவாகும். ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். தொலைவும் அதிகம் என்பதால், தந்தைக்கு முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கியைவிட நல்ல பைனாகுலரே உதவும். படகில் முக்காலி ஓரிடத்தில் நில்லாது.

தொலைவில் நிறுத்துகிறார்களே என்று மனம் வருந்தலாம். நானும் முதல்முறை வருந்தினேன். ஆனால் அது தேவையான தொலைவு. நெருங்கினால் பறவைகள் அடையும் திட்டையே கைவிட்டுவிடும். டிரினிடாட் தீவின் தேசியப் பறவையாக இருந்தும், இறைச்சிக்காக இவை நெடுங்காலம் திருட்டுத்தனமாக வேட்டையாடப்பட்டன. 2018இல் அரசு இதைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவித்து, கொல்பவருக்கு ஒரு லட்சம் டிரினிடாட் டாலர் அபராதமும் இரண்டு ஆண்டுச் சிறையும் விதிக்க வழிசெய்தது. ஆகவே, இன்னும் கிட்டே போகலாம் என்று ஆசை காட்டும் படகுக்காரர் எவரேனும் இருந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சீமை நாயுருவி என்றதும் தந்தை தானே எழுந்து வந்து திரையைப் படித்தார்.

பட்டியலைக் கிழித்துவிட்டேன். இரண்டு பறவைகளை மட்டும் விட மனம் வரவில்லை: குகையில் வாழும் எண்ணெய்ப் பறவை, டிரினிடாடில் மட்டுமே வாழும் பாவி என்ற குவான் (கோழியினப் பறவை). தந்தை இல்லாமல் நான் தனியே சென்று வரலாமா, அல்லது அவருக்கும் வழி உண்டா?

மறுமொழி 3

எண்ணெய்ப் பறவைக்கு நீங்கள் தனியே சென்று வாருங்கள். பாவிக்கு இருவரும் சேர்ந்து செல்லுங்கள்.

எண்ணெய்ப் பறவைகள் இருப்பது ஆசா ரைட் மையத்தின் எல்லைக்குள் உள்ள டன்ஸ்டன் குகையில். அது மலைக்குள் நீண்டு செல்லும் குகை அல்ல; நீரோடை அறுத்த குறுகிய பாறை இடுக்கு. அங்கே இறங்கும் பாதை செங்குத்தானது, ஈரத்தில் வழுக்கக்கூடியது. வழிகாட்டியுடன், சிறு குழுவாக, சில நிமிடங்கள் மட்டுமே நிற்க அனுமதிப்பார்கள். தந்தை அதே நேரத்தில் மேலே தாழ்வாரத்தில் இருக்கலாம். அவர் உங்களுக்காகக் காத்திருப்பதாகவே இராது. நீங்கள் திரும்பி வரும்போது அவர் பார்த்த பறவைகளின் எண்ணிக்கை உங்களுடையதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

அந்தப் பறவையின் சிறப்பு நடந்து சென்று பார்க்கத் தகுந்ததே. பக்கிகளுக்கு உறவான இரவுப் பறவை. ஆனால் பூச்சியை உண்பதில்லை. இருட்டியதும் கூட்டமாக வெளியேறி, காட்டில் பனை வகைகளின் பழங்களையும் லாரல் குடும்பத்து மரங்களின் பழங்களையும் பறந்தபடியே கொய்து உண்டு, விடியும் முன் திரும்பும். இருட்டில் வழி காண்பதற்காக அது எழுப்பும் சொடுக்கொலிகளை, வௌவாலின் ஒலிகளைப்போல் அல்லாமல், மனிதக் காது கேட்க இயலும். டார்ச் வெளிச்சம் பட்டவுடன் எழும் அலறல் வேறு. அதனால்தான் பழைய பிரெஞ்சு வழக்கில் அதற்குக் குட்டிச் சாத்தான் என்ற பொருள்தரும் டியாப்லொட்டின் என்ற பெயர் அங்கே நிலைத்தது. குஞ்சுகள் தாய்ப்பறவையைவிட அதிக எடைக்குக் கொழுத்துவிடும். அந்தக் கொழுப்பை உருக்கி விளக்கெரித்ததால்தான் எண்ணெய்ப் பறவை என்ற பெயரும் வந்தது. அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் ஹம்போல்ட். அவர் 1799இல் வெனிசுவேலாவின் காரிப்பே குகையில் கண்டார்.

பாவியைக் காண வடகிழக்குக் கரையில் உள்ள கிராண்ட் ரிவியேர் கிராமத்துக்குச் சென்று ஓர் இரவாவது தங்க வேண்டும். தலைநகரிலிருந்து சாலைவழி ஏறத்தாழ மூன்று மணி நேரம். வான்கோழி அளவில், கரும்பழுப்பு உடலும் சிறகில் வெண்திட்டும் நீலத் தாடையும் கொண்ட இந்தப் பறவை மிகவும் அருகிவிட்டது. எஞ்சியிருப்பவை சில நூறைத் தாண்டாது என்பதே மதிப்பீடு. வேட்டைதான் முதன்மைக் காரணம். கிராமத்துக்கு மேலே, வண்டி செல்லும் பாதையோரம் உள்ள தோட்ட விளிம்பில், விடியற்காலையில் பழமரங்களின் உச்சிக்கு அவை வரும். ஆறு மணிக்கு முன்பே நாற்காலியுடன் போய் அமர்ந்து, ஏழரைக்குள் திரும்பிவிடலாம். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். அவர்களுக்கு அந்த வாரத்தில் எந்த மரம் பழுத்திருக்கிறது என்பது தெரியும். வேறு எந்தக் கைப்பேசிச் செயலியும் அதைச் சொல்லாது. அந்தப் பறவை உயிரோடு இருப்பதால் கிராமத்துக்கு வருமானம் வருகிறது என்ற நிலையே அதற்குப் பெரிய காவல் என்று நான் நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோள். பாவியின் குரல் பதிவை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்க வேண்டாம். வழிகாட்டி செய்ய முற்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இத்தனை குறைவாக எஞ்சிய பறவை ஒரு பொய்க் குரலுக்காக இரையை விட்டு, மறைவை விட்டு வெளிவருவது நல்லதல்ல. மார்ச் முதல் தேதிக்குப் பிறகும் அங்கே இருந்தால், அதே கடற்கரையில் ஏழுவரி ஆமைகள் முட்டையிட ஏறுவதை இரவில் பார்க்கலாம். அதற்கு அனுமதிச்சீட்டு கட்டாயம்.

மறுமொழி 1

டொபாகோ பற்றி விட்டுப்போனதை எழுதுகிறேன். விமானத்தில் அரை மணிக்கும் குறைவு. படகில் நான்கு மணி நேரம் வரை ஆகும், அந்தக் கடல் அமைதியானதும் அன்று. விமானமே நல்லது.

அங்கே பறவை இனங்கள் குறைவு. ஆனால் டிரினிடாடில் இல்லாத சில உண்டு, அதிலும் வெண்வால் சேப்ர்விங் என்ற பெரிய ஓசனிச்சிட்டின் கதை கேட்கத் தகுந்தது. மழை பொழிவதற்குக் காடு வேண்டும் என்று கருதி 1776இலேயே சட்டமிட்டுக் காக்கப்பட்ட முதன்மை மலைமுகட்டுக் காடுதான் அதன் வீடு. 1963 செப்டம்பரில் வந்த புளோரா சூறாவளி அந்தக் காட்டைச் சாய்த்தபோது இந்தச் சிட்டும் அழிந்துவிட்டதாகவே எண்ணினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் காணப்பட்டது. இன்று கில்பின் பாதையின் தொடக்கத்திலேயே காணலாம், உள்ளே நடக்கத் தேவையில்லை. டிரினிடாடில் அரிதாகக் கண்ணில் படும் மொட்மொட், டொபாகோவில் தங்குமிடத் தோட்டத்திலேயே வந்து அமரும். நாட்டின் மற்றொரு தேசியப் பறவையான கொக்ரிக்கோ உங்களை விடியும் முன்பே கூச்சலிட்டு எழுப்பிவிடும்.

ஸ்பேசைடு கிராமத்திலிருந்து படகில் செல்லும் லிட்டில் டொபாகோ தீவில், செவ்வலகு வெப்பமண்டலப் பறவைகள் கடலிலிருந்து திரும்பும்போது போர்க்கப்பல் பறவைகள் அவற்றைத் துரத்தித் துன்புறுத்தி வாயிலுள்ள மீனைப் பறிப்பதை உச்சியிலிருந்து பார்க்கலாம். அந்த உச்சிக்கு ஏற வேண்டியிருப்பதால் உங்கள் தந்தைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவருக்காக அந்தப் படகுப் பயணத்தை விட்டுவிட்டு, அந்த ஒரு மாலையை டிரினிடாடின் கிழக்குக் கரையில் உள்ள நரிவா சதுப்பு நிலத்துக்குக் கொடுங்கள். மொரிச்சே பனைகளில் அடைவதற்குச் செவ்வயிற்று மக்காவ் கிளிகள் இணையிணையாக வருவதைச் சாலையோரத்தில் அமர்ந்தே காணலாம். தீவிலிருந்து அற்றுப்போய், 1999 முதல் கயானாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீல-மஞ்சள் மக்காவ் கிளிகளும் அந்தக் கூட்டங்களுக்கு இடையே தென்படக்கூடும்.

கேள்வி கேட்டவர்

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. டொபாகோவை விட்டுவிட்டோம், பத்து நாளும் டிரினிடாடிலேயே இருந்தோம். நான் குகைக்குப் போய்வந்த காலையில் தந்தை தாழ்வாரத்தில் கொண்டை கோக்கெட்டை மூன்று முறை பார்த்திருக்கிறார். எனக்கு அது கடைசி நாள்தான் கிடைத்தது. கரோனியில் அவர் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கிராண்ட் ரிவியேரில் இரண்டாம் விடியலில் ஒரு பாவி, ஏறத்தாழ பத்து நிமிடம், எங்களுக்கு நேரெதிரே இருந்தது.

ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. அரிமாவில் தங்கிய வீட்டின் வேலிக்கம்பத்தின் உச்சியில், நன்றாக இருட்டிய பிறகு, பெரிய பறவை ஒன்று நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கண்கள் ஆரஞ்சாக ஒளிர்ந்தன. உடல் முழுவதும் பட்டை உரிந்த மரத்தின் நிறம். நான் அதைப் பக்கி என்றேன், தந்தை ஒப்புக்கொள்ளவில்லை.

மறுமொழி 3

தந்தை சொன்னதே சரி. அங்கே பொதுவாகக் காணும் பௌராக் என்ற பக்கி தரையிலேயே, பெரும்பாலும் பாதையோரத்தில், படுத்தவாக்கில் அமரும். கம்பத்தின் நுனியில் ஒடிந்த கிளைபோல் நிமிர்ந்து அமர்வது பொட்டூ. பகலில் கண்ணை மூடிக்கொண்டு அதே நிலையில் அசையாது இருப்பதால் அருகில் நின்றாலும் தெரியாது.

நிலவுள்ள இரவுகளில், படிப்படியாகத் தாழ்ந்து வரும் நான்கைந்து சோகமான குரல்கள் கேட்டனவா? அவை இந்தப் பொட்டூ எழுப்புபவை. அந்தக் குரல் "நான் ஏழை, தன்னந்தனி" என்று புலம்புவதாக எண்ணி, டிரினிடாட் மக்கள் அதற்குப் புவர்-மீ-ஒன் என்று பெயரிட்டார்கள். ஆனால் எழுப்புவது எது என்று கண்டவர் எவரும் இல்லாததால், அந்தப் பெயரை நெடுங்காலம் வேறோர் உயிருக்குக் கொடுத்துவைத்திருந்தார்கள். அலையாத்திக் கிளையில் உருண்டு உறங்கும் அந்தக் குட்டி எறும்புத்தின்னிதான் அது.

கேள்வி கேட்டவர்

கேட்டோம். மூன்று இரவுகள். எறும்புத்தின்னி என்றுதான் வீட்டுக்காரரும் சொன்னார். அவருக்கு இன்றே எழுதுகிறேன்.